ஆறாவது கோடாரி

மார்கழியில் அந்தப் பெரிய தலைவர் இறந்து, மெட்ராஸ் பஸ்ஸெல்லாம் நாலைந்து நாள் ஓடாமல் நின்றதே, அந்த வருஷம். நம் தெருவில் முதன்முதலாக இரண்டு விசைத்தறி வந்து இறங்கியதும், அந்தச் சத்தத்துக்கு மிரண்டு பால்காரர் எருமை மூன்று நாள் பால் சுரக்காமல் நின்றதும் அதே வருஷம்தான். எனக்கு எழுத்து தெரியாது. வருஷத்துக்கு நம்பர் போட்டு வைக்கிற வழக்கமும் இல்லை. இப்படித்தான் ஒன்றோடு ஒன்றை முடிந்து வைத்திருக்கிறேன். உன் கல்யாணம் எந்த வருஷம் என்று உன் பெண்டாட்டிக்கே சந்தேகம் வந்தபோது நீ என்னிடம்தான் ஆள் அனுப்பிக் கேட்டாய்.

அந்த வருஷத்துக் கோடாரி ஒன்று நேற்று காலையில் என்னிடம் வந்து சேர்ந்தது.

உன் மருமகள்தான் கொண்டுவந்தாள். வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்களாம். பரணில் கிடந்ததையெல்லாம் இறக்கியபோது ஒரு சாக்கு மூட்டை கிடைத்ததாம்.

"மாமா, இதுல உங்க புள்ளி கீது. உங்களோடதுன்னு எடுத்தாந்தேன்" என்றாள்.

மூன்று புள்ளி, முக்கோணமாக. நான் அடித்த இரும்பில் எல்லாம் நான் போடுகிற அடையாளம். கையெழுத்துப் போடத் தெரியாத கொல்லனுக்கு அதுதான் கையெழுத்து. சாக்கைப் பிரித்ததும் விளக்கெண்ணெய் வாசனை குப்பென்று வந்தது. உள்ளே ஒரு சின்னக் கோடாரித் தலை. அதன் பக்கத்தில் தனியாக ஒரு முழம் நீளத்தில் காம்பு. தலையில் பொட்டுத் துரு இல்லை. எண்ணெய் பூசிப் பூசி இரும்பு கறுத்துப் பளபளத்தது.

"ஆயுத பூஜைக்கு எங்க மாமனாரு எடுத்து தொடச்சி, எண்ண தடவி, பொட்டு வெப்பாரு மாமா. அப்பறம் சுத்தி மேல போட்டுடுவாரு. யாரயும் தொட வுட மாட்டாரு."

"இன்னாத்துக்குன்னு நீ கேக்கலியாம்மா?"

"கேட்டா, 'பத்திரமா இருக்கட்டும்'னுவாரு. அவ்ளோதான். பத்திரப்படுத்தறதுக்கு அது இன்னா தங்கத்துலயா செஞ்சது?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தலையை ஏரியில் எறிந்துவிட்டதாக நீ என்னிடம் சொல்லியிருந்தாய். நான் கேட்டது ஒரே ஒரு தடவை. நீ சொன்னதும் ஒரே ஒரு தடவை. அதை நம்பி இத்தனை வருஷம் இருந்துவிட்டேன்.

நேற்றிலிருந்து எனக்கு எதுவும் பிடிபடவில்லை. உன்னிடம் கேட்க வேண்டும். நீ போய் இரண்டு பங்குனி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு, "நான் சொல்லச் சொல்ல ஒரு லெட்டர் எழுதித் தர்றீங்களா?" என்றேன். "யாருக்கு ஐயா?" என்றார். சொன்னேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். நான் பேசுவதை அவர் நல்ல தமிழாக எழுதிக்கொள்கிறார். பேச்சு பேச்சாக இருக்கிற இடத்தில் மட்டும் கைவைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த மெட்ராஸ்காரரை நீ மறந்திருக்க மாட்டாய். பட்டுப்புடவை எடுக்க வந்தவர், பஸ் இல்லாமல் ஆரணியிலேயே மாட்டிக்கொண்டார். பொழுது போகாமல் தெருத்தெருவாக நடந்தவர் என் பட்டறைச் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். அவருடைய மச்சான் வெளிநாட்டுக்கு இரும்புச் சாமான் அனுப்புகிற கம்பெனி வைத்திருப்பதாகச் சொன்னார். பையிலிருந்து ஒரு இங்கிலீஷ் புத்தகத்தின் கிழிந்த தாளை எடுத்து நீட்டினார். அதில் ஒரு கோடாரிப் படம். டொமஹாக் என்று பெயர் சொன்னார். அமெரிக்காவில் அந்தக் காலத்துச் செவ்விந்தியர்கள் இடுப்பில் வைத்திருந்தது. இப்போது வெள்ளைக்காரர்கள் மரத்துண்டை நட்டு, தூர நின்று அதன் மேல் எறிந்து விளையாடுகிறார்களாம்.

நீ அப்போது என் பட்டறை வாசலில் உட்கார்ந்து யாருடைய தறிக்கோ குறுக்கு நூலை ஓட்டுகிற மர நாடா இழைத்துக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்காமலே கேட்டாய்:

"ஏங்க, நாங்க மெனக்கெட்டு செய்யறது, அவங்க தூக்கி எறியறதுக்காங்க?"

"எறிஞ்சிட்டு போயி எடுத்துக்குவாங்க ஆசாரி" என்றார் அவர்.

"அப்ப சரி. நம்ம ஊர்ல எறிஞ்சா வேற எவனாவது எடுத்துகினு பூடுவான்."

அவரும் சிரித்தார், துருத்தி இழுத்துக்கொண்டிருந்த என் பெண்டாட்டியும் சிரித்தாள். பஸ் ஓடுவதற்குள் மாதிரிக்கு ஆறு செய்து கொடுக்க முடியுமா என்று கேட்டார். மாதிரி பிடித்துவிட்டால் மாசாமாசம் வேலை வரும் என்றார். விசைத்தறி வந்து இறங்கிய சமயம். கைத்தறிக்கு மரச் சாமான் செய்கிற உனக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது, எனக்குத் தெரியும். நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். இரும்பு என்னுடையது, மரம் உன்னுடையது என்று பேச்சே இல்லாமல் முடிவானது.

அந்தக் கோடாரியில் ஒரு விஷயம் நமக்குப் புதுசு. டீச்சர் எழுதிக்கொள்ளட்டும் என்று விவரமாகச் சொல்கிறேன்; உனக்குத் தெரிந்ததுதான். கோடாரித் தலையில் காம்பு நுழைகிற துளையைக் கண் என்போம். நான் அதுவரை அடித்த கோடாரிக்கெல்லாம் கண் கீழ்ப்பக்கம் அகலம், மேல்பக்கம் குறுகல். காம்பைக் கீழிருந்து ஏற்றி, மேலே ஆப்பு அடித்து இறுக்குவோம். அந்தப் படத்துக் கோடாரிக்கு எல்லாம் தலைகீழ். கண் மேலே அகலமாக இருக்க வேண்டும். காம்பின் தலைப்பக்கம் பருத்திருக்க வேண்டும். அதை மேலிருந்து கீழே இறக்க வேண்டும். ஆப்பு கிடையாது. வீச வீசத் தலை தானாகவே காம்பில் இறுகிக்கொள்ளும். காம்பு உடைந்தால் உருவிப் போட்டுவிட்டு இன்னொன்றைப் போட்டுக்கொள்ளலாம். வெட்டுகிற வாய் கீழ்ப்பக்கம் தாடி மாதிரி இறங்கியிருப்பதால் தலையைத் திருப்பிப் போடவும் முடியாது.

"வெள்ளக்காரன் மூளையே மூளடா கரி" என்றாய். நான் எப்போதும் கரியில் புரளுகிறவன் என்பதால் உனக்கு நான் கரி. நீ எப்போதும் மரத்தூளோடு திரிந்ததால் எனக்கு நீ தூள். ஊரில் நமக்கு வேறு பெயர்கள் இருந்தன. நாம் அதைக் கூப்பிட்டுக்கொண்டதில்லை.

லாரிக் கமான் பட்டையை வெட்டி உலையில் வைத்தேன். செக்கச்செவேல் என்று ஆனதும் உளியால் பிளந்து, ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்த இரும்புக் கட்டையை அந்தப் பிளவில் வைத்து அடித்தேன். எந்தப் பக்கமிருந்து கட்டையை இறக்குகிறோமோ, அந்தப் பக்கம் கண் அகலமாகும். அடிக்கு முன்னால் நின்று, "மேல இருந்து, மேல இருந்து" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். என் பெண்டாட்டி, "இன்னாய்யா, மந்திரமா?" என்று கேட்டாள். வாயை மட்டும் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து, நிறம் ஓடுவதைப் பார்த்து நிறுத்தினேன். வெட்டுகிற கோடாரிக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்தலாம். எறிகிற கோடாரி மரத்தில் மோதும்போது வாய் பொரிந்து உதிரக் கூடாது. கத்திரிப்பூ நிறம் வரும்வரை விட்டேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கை சொன்னது.

மரத்துக்கு நீ எங்கும் அலையவில்லை. உன் வீட்டுப் பரணில் கருவேலங்கட்டைகள் இருந்தன. அந்த மரத்தை வாங்கிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன்கூடச் சைக்கிளில் வந்தவன் நான். தெள்ளார் பக்கம் ஒரு ஏரியில் கருவேல மரங்களை ஏலம் விட்டார்கள். எல்லாரும் தண்ணீர் ஓரம் கொழுத்து நின்ற மரங்களைச் சுற்றி நிற்க, நீ மேட்டில் கல்லுக்கு நடுவே முறுக்கிக்கொண்டு நின்ற ஒரு ஒல்லி மரத்தைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டாய். சிராயைப் பிய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தாய். ஏலம் விட்டவர் பொறுமை இழந்து, "இன்னா ஆசாரி, மரம் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று கத்தினார். "பொண்ண பாத்து ஏமாந்தா நான் ஒருத்தன் தாங்க கெட்டேன். மரத்த பாத்து ஏமாந்தா எத்தினி பேரு கை கெடும்!" என்றாய். கூட்டமே சிரித்தது.

அந்த மரத்தை நீ ரம்பத்தால் அறுக்கவில்லை. ஆப்பு வைத்துப் பிளந்தாய். "அறுத்தா எனக்கு வேண்டிய பக்கம் வரும்டா. பொளந்தா அதுக்கு வேண்டிய பக்கம் வரும். அது போற பக்கம்தான் ஒடையாது" என்றாய். பிளந்த கட்டைகளை ஒரு மழைக்காலம் முழுக்கச் சேற்றில் புதைத்து, எடுத்து, அடுப்புக்கு மேலே பரணில் புகையில் போட்டாய். மூன்று தீபாவளி அங்கேயே கிடந்தன. மெட்ராஸ்காரருக்காக அந்தக் கட்டைகளை இறக்கியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவன் நான். புகைக்கரி என் கண்ணில் விழுந்து ஒரு நாள் முழுக்க உறுத்தியது.

நான் அதைப் பார்த்தவன். இதை நீ கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்று வருஷம் காய்ந்த கட்டை என்று பார்த்தவன் நான்.

நாலாவது நாள் மத்தியானம் ஆறாவது தலையையும் அடித்து முடித்தேன். மறுநாள் பஸ் ஓடும் என்று பேசிக்கொண்டார்கள். மெட்ராஸ்காரர் பட்டறைக்குள்ளேயே நின்றுகொண்டு மணியைப் பார்த்தபடி இருந்தார். ஐந்து கோடாரிக்குக் காம்பு போட்டு வரிசையாகச் சாத்தி வைத்திருந்தாய். பாவு பிணைக்கிற பெண், நீ இழைத்த நாடாவை வாங்கிப் போக வந்து, வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழைய இழையோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும், ஆயிரக்கணக்கான இழைகள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அவள் முறுக்குகிற வேகம் நம் தெருவில் வேறு யாருக்கும் வராது. இருபது வயசுகூட இருக்காது. கிறிஸ்துமஸ் இந்த வருஷம் பேஜாராய்ப் போய்விட்டது, ஸ்டார்கூடக் கட்டவிடவில்லை என்று என் பெண்டாட்டியிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆறாவது கோடாரிக்கும் காம்பு போட்டாய். எல்லாருமாகச் சாயப்பட்டறைக்குப் பின்னால் இருந்த வெட்டவெளிக்குப் போனோம். சாயப்பட்டறைக்காரர் ஒரு பனந்துண்டை நட்டுக் கொடுத்தார். நூல் காயப்போடுகிற கம்புகள் ஓரமாக நின்றன. மெட்ராஸ்காரர் முதலில் எறிந்தார்; கோடாரி பிடியால் மோதித் திரும்பி வந்தது. நீ எறிந்தது பனந்துண்டைத் தாண்டி வேலிக்குப் போனது. "போடா, தூக்கி எறியறதுல கூட படிப்பு கீது" என்றாய். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் எறிந்தவை இரண்டு, சுத்தமாகக் குத்தி நின்றன. கை தட்டினார்கள். அந்த மிதப்பில் மூன்றாவதாக ஒன்றை எடுத்தேன். அது ஆறாவது.

கையை ஓங்கினேன். கையில் காம்பு இருந்தது, தலை இல்லை.

அது முன்னால் போகவில்லை, பக்கவாட்டில் போனது. அந்தப் பெண் ஒரு கையால் நூல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வலது கை. ஆள்காட்டி விரலின் அடியில் பட்டது.

நீதான் முதலில் ஓடினாய். துண்டை அவிழ்த்துக் கட்டினாய். சத்தம் கேட்டு அவள் அப்பா தறியிலிருந்து எழுந்து அப்படியே ஓடிவந்தார். "எறிஞ்சது யாரு?" என்று கேட்டார். காம்பு என் கையிலேயே இருந்ததே, அவர் அதைப் பார்த்துவிட்டார். கையை ஓங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். நீ நடுவில் புகுந்தாய்.

"அவன அடிக்காதீங்க. மரம் பச்ச. காயாத மரத்த போட்டுட்டேன். என் தப்புங்க."

அந்த அடி உன் கன்னத்தில் விழுந்தது. நீ முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. என் கையிலிருந்து காம்பை வாங்கினாய், கீழே கிடந்த தலையை எடுத்தாய், சாக்கில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாய். அவளைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினாய். விரலைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அதற்கு உணர்ச்சி திரும்பவில்லை. உணர்ச்சி இல்லாத விரலால் இழை முறுக்க முடியாது. அவள் அதற்கப்புறம் பாவு பிணைக்க எந்தத் தறிக்கும் உட்காரவில்லை.

மெட்ராஸ்காரர் மற்ற ஐந்தையும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனார். திரும்பி வரவே இல்லை.

அதற்குப் பிறகு உனக்கு ஆரணியில் என்ன நடந்தது என்பதை நான் கூட இருந்து பார்த்தேன். தறிக்கு மரம் செய்கிறவன் பச்சை மரம் போடுகிறவன் என்று பெயர் எடுத்தால் யார் வேலை கொடுப்பார்கள்? நெய்த துணியைச் சுருட்டுகிற படமரம் ஒரு நூல் அளவு கோணினால் பட்டு கோணிப் போகும். பொங்கல் வரைக்கும் பார்த்தாய். ஒருவரும் கூப்பிடவில்லை. குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வெம்பாக்கம் பக்கம் கதவு ஜன்னல் வேலைக்குப் போனாய். போகிற அன்றைக்கு என் பட்டறைக்கு வந்தாய். நான் உன்னிடம் என்ன சொன்னேன் தெரியுமா? எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெரியும்.

"போனது போவட்டும்டா. நான் உன்ன தப்பா நெனைக்கல."

நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் சிரித்தாய். "சர்தான் கரி" என்றாய்.

என் உலை அணையவில்லை. யாராவது அந்த விபத்தைப் பற்றிக் கேட்டால், "இரும்புல குத்தம் இல்ல, மரம் பச்ச" என்று நானும் சொன்னேன். பதினோரு வருஷம் கழித்து நீ திரும்பி வந்தாய். மறுபடி டீக்கடையில் ஒன்றாக உட்கார்ந்தோம். பேச்சு எதில் ஆரம்பித்தாலும் மரம் வந்துவிட்டால், "அத வுடு, வேற பேசு" என்பாய். அந்தப் பெண் சத்துணவுக் கூடத்துச் சமையல் வேலைக்கு உன் வீட்டு வழியாகத்தான் போவாள். ஒரு நாளும் முகம் திருப்பிப் பார்த்ததில்லை. உன் சாவுக்கு அவள் வரவில்லை. "பச்ச மரத்த போட்டு என் கைய கெடுத்தவரு" என்று அவள் யாரிடமோ சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். அப்போதும் நான் சும்மாதான் இருந்தேன்.

இப்போது நேற்றைக்கு வருகிறேன்.

முதலில் காம்பை எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீட்டிப் பார்த்தேன். இழுத்துக் கட்டிய பாவு இழை மாதிரி நேராக இருக்கிறது. ஒரு வெடிப்பு இல்லை, ஒரு கோணல் இல்லை. பச்சையில் போட்ட மரம் இத்தனை வருஷத்தில் பாம்பு மாதிரி நெளிந்திருக்கும். பிறகு தலையை எடுத்தேன். தாடி கீழே வரும்படி பிடித்துக்கொண்டு, மேல்பக்கம் கண்ணுக்குள் விரலை விட்டேன். ஒரு விரல் போனது. கீழ்ப்பக்கம் விட்டேன். இரண்டு விரல் போனது.

திரும்பவும் விட்டேன். வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்த் திரும்பவும் விட்டேன்.

தலைகீழ். ஐந்து கோடாரியை என் மனசு அடித்தது. ஆறாவதைக் கை அடித்துவிட்டது. அன்றைக்கு அந்த ஆறாவது தலைக்கு "மேல இருந்து" என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. அவசரம். கை தன் பழைய வழக்கத்தில் கீழிருந்து கட்டையை இறக்கிவிட்டது. மேலே குறுகலான கண்ணில், ஆப்பும் இல்லாமல் காம்பு போட்டால், வீசும்போது தலை பறக்காமல் என்ன செய்யும்? தப்பு இரும்பில். தப்பு என்னுடையது. அதுவரைக்கும் தெளிவாக இருக்கிறது.

அதற்குமேல்தான் குழப்பம்.

காம்பின் தலைப்பக்கம் பருத்திருக்க வேண்டும் அல்லவா? இது சீவியிருக்கிறது. அந்தக் குறுகல் கண்ணில் நுழைவதற்காக உன் உளியால் சுற்றிலும் சீவி இளைத்திருக்கிறாய். உளித்தடம் அப்படியே தெரிகிறது. அப்படியானால் காம்பு போடும்போதே உனக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தும் ஏன் போட்டாய்? மெட்ராஸ்காரர் எதிரில் என் மானம் போகக் கூடாது என்றா? கண் கொஞ்சம் சிறுசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தாயா? எத்தனையோ கோடாரிக்கு அப்படிச் சீவிப் போட்டிருக்கிறாய். அது தச்சன் தினமும் செய்கிற வேலை. எல்லாம் முடிந்து, கீழே கிடந்த தலையைக் கையில் எடுத்தபோதுதான் பார்த்தாயோ? ஆனால் "மரம் பச்ச" என்று சொன்னது தலையை எடுப்பதற்கு முன்னால். எனக்கு அந்த வரிசை நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதலில் சொன்னாய், அப்புறம்தான் எடுத்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வீட்டில் சாக்கைப் பிரித்தபோதுதான் உனக்கே தெரிந்திருக்குமோ? அப்போதாவது என்னைக் கூப்பிட்டு அறைந்திருக்கலாமே. சொல்லாமல் வெம்பாக்கம் போனாயே. அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம்?

ஏன் எண்ணெய் தடவி வைத்தாய்? ஒரு நாள் என் முகத்தில் வீசுவதற்கா? என்னைப் பற்றி யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று மறைப்பதற்கா? மறைக்கத்தான் என்றால் நிஜமாகவே ஏரியில் போட்டிருக்கலாம். ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டு வைத்திருக்கிறாய். கோபம் இருக்கிறவன் பொட்டு வைப்பானா?

இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் டீச்சரை இத்தனை நேரம் உட்கார வைத்திருக்கிறேன். நேற்று அந்தக் கண்ணில் விரலை விட்டதிலிருந்து எனக்கு ஒரு குரல் கேட்கிறது. அந்த மத்தியானம் வாசல் பக்கமிருந்து நீ கேட்கிறாய்:

"டேய் கரி, இது கண்ணு இறுக்கமா கீதே. வந்து பாரு."

நான் உலையைவிட்டுத் திரும்பாமலே சொல்கிறேன்:

"சீவிப் போடுடா, ஜல்தி. அவரு நின்னுகினு கீறாரு."

இது நடந்ததா? நடந்திருந்தால் தப்பில் பாதிகூட உனக்கு இல்லை. நீ கேட்டாய், நான் வந்து பார்க்கவில்லை. ஆனால் இத்தனை வருஷம் ஒரு தடவைகூடக் கேட்காத குரல் நேற்று எப்படிக் கேட்டது? ஏலக்காரர் கத்தியது ஞாபகம் இருக்கிறது, எருமை பால் சுரக்காதது ஞாபகம் இருக்கிறது, இது மட்டும் எங்கே போயிருந்தது? நான் வேண்டாம் என்று புதைத்ததா, இப்போது நானாகச் செய்துகொள்வதா? பரணிலிருந்து காய்ந்த கட்டை இறங்கியதை ஏணியைப் பிடித்துப் பார்த்தவன், நாலு நாளுக்குள்ளேயே "மரம் பச்ச" என்றதும் தலையாட்டினேன். ஊரில் எவன் நம்பினாலும் நான் நம்பியிருக்கக் கூடாது. எனக்குச் சௌகரியமாக இருந்தது, நம்பினேன். என் ஞாபகத்தை இந்தத் தெருவே மெச்சும். நிலத்தகராறு, பாகத்தகராறு எதுவென்றாலும் என்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். அந்த ஞாபகம் இப்படித்தான் வேலை செய்யும் என்றால், இனி அதை நான் எப்படி நம்புவது?

டீச்சர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார், "இப்ப தெரிஞ்சி என்ன ஆவப் போவுதுங்க ஐயா? அவரும் போயிட்டாரு." நியாயமான கேள்விதான். ஆனால் உன் பேரன் தச்சு வேலைக்குப் போகவில்லை. பைபாஸில் மரக்கடை வைத்திருக்கிறான். நேற்றுக்கூட ஒருவர், "அவங்க தாத்தா பச்ச மரத்துக்காரரு ஆச்சே" என்று கிண்டலாகச் சொல்லிவிட்டுப் போனார். பெயர் இன்னும் சாகவில்லை. அதைத் துடைக்க முடிந்தவன் நான் ஒருவன்தான்.

உன் தப்பு இல்லை என்பதை ஊருக்குச் சொல்லிவிடுவேன்; அதற்கு இந்த இரும்பே போதும். கண்ணில் விரலை விட்டுப் பார்க்கத் தெரிந்த எவனுக்கும் புரியும். நீ என்னைக் கூப்பிட்டாயா இல்லையா என்பதை மட்டும் இரும்பு சொல்லாது. அதற்கு, அப்போது அங்கே இருந்தவர்கள் வேண்டும்.

எண்ணிப் பார்த்தேன். துருத்தி இழுத்த என் பெண்டாட்டி ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். மெட்ராஸ்காரர் எப்போதோ தவறிவிட்டார் என்று பட்டுக்கடையில் சொன்னார்கள். நீ இல்லை. என்னைச் சேர்க்க முடியாது. என் காது எனக்கே சாட்சி இல்லை என்று ஆகிவிட்டது. நீ காம்பைச் சீவியபோது உன்னிடமிருந்து இரண்டு முழத்தில், வாசல்படியில் நாடாவுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் ஒருத்தி. நீ கூப்பிட்டிருந்தால் அவள் காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனால் அவளிடம் இதைக் கேட்க வேண்டுமானால், அதற்கு முன்னால் அவள் கையைக் கெடுத்தது மரம் இல்லை, நான்தான் என்று சொல்லியாக வேண்டும். அவள் கதவைச் சாத்திக்கொண்டால், குரல் நிஜமா பொய்யா என்று தெரியாமலேயே நான் போய்விடுவேன். போகட்டும். முதல் பாதியையாவது சொல்லிவிடுகிறேன்.

நாளைக்கு ஞாயிறு. பூசை முடிந்து சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற தன் வீட்டுக்கு வந்திருப்பாள். சாக்கை எடுத்துக்கொண்டு போகிறேன். அவள் வாசலில் நின்று என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்துப் பார்த்தேன். அன்றிலிருந்து அவளை நான் "அந்தப் பெண்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். இந்த லெட்டரிலும் அப்படியே சொல்லிவிட்டேன். டீச்சர், இதை மட்டும் பெரிய எழுத்தாக எழுதுங்கள். அன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்களில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருக்கிற ஒரே ஆள்.

ஸ்டெல்லா.